கழற்றி வைத்துவிட்டுச் சொல்பவர்

அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆறு வருடம் எதிர்வீட்டில் இருந்திருக்கிறேன். மனைவியிடம், மகனிடம், மிளகு வாங்க வரும் வியாபாரியிடம், குடித்துவிட்டு வந்து நிற்பவனிடம், ஒருவரிடமும் அந்தச் சொல்லை அவர் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் எழுந்து போய்க் காரிலிருந்து எதையாவது கழற்றுவார்.

1997-ல் கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்று சொல்லும் பகுதியில், ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு என்னைக் கிராம சுகாதார செவிலியராகப் போட்டார்கள். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. கட்டடத்தின் பின்பாதியில் குடியிருந்தேன். மண்பாதைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. என் வாசலிலிருந்து அவர் வாசலுக்கு நாற்பது எட்டு. வீட்டு முன்னால் பலாமரத்தடியில் பழைய வெள்ளை அம்பாசடர் கார் நிற்கும். அந்தச் சுற்றுவட்டத்தில் வேறு கார் கிடையாது. அவர் மலையில் பிறந்தவர். இளவயதில் கீழே இறங்கி நாமக்கல் லாரிகளில் ஓட்டுநராக இருந்துவிட்டு, அந்த டீசல் காரோடு மலைக்குத் திரும்பி, மரவள்ளியும் மிளகும் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துத்தான் பேசுவார்.

நான் போன இரண்டாவது வாரம் அதை முதலில் பார்த்தேன். காலையில் அவசரமாக வெளியே வந்தார், பானெட்டைத் தூக்கினார், பேட்டரியைக் கழற்றி இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்து வீட்டுக்குள் கொண்டுபோனார். ஐந்து நிமிடத்தில் ஊரில் கொஞ்சம் செல்வாக்குள்ள ஒருவர் வெள்ளை வேட்டியோடு வந்தார். சேந்தமங்கலத்தில் ஏதோ விசேஷமாம், கார் வேண்டுமாம், இரண்டு நாள் கழித்துத்தான் திரும்புவார்களாம்.

"வண்டியில பேட்டரி இல்லீங்க" என்றார் இவர்.

"இல்லீன்னா?"

"இல்லீங்க. பாத்துக்குங்க" என்று பானெட்டைத் திறந்தே காட்டினார். வந்தவர் குனிந்து காலி இடத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் பேட்டரி மறுபடி வெளியே வந்தது.

எனக்கு எதையும் கேட்காமல் விட்டால் தூக்கம் வராது. அன்று சாயங்காலமே போய்க் கேட்டேன்.

"அவர் வாரார்னு பால்காரர் சொன்னாருங்க. அதான் கழட்டி வெச்சேன்" என்றார்.

"வர முடியாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுதே."

"மொகத்துக்கு நேரா எப்புடிங் சொல்றது?"

"இப்ப சொன்னதும் பொய்தானே?"

அவர் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "பொய்யின்னா வண்டி கெளம்போணுமில்லீங்க? அது கெளம்பாதுங்களே" என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. சோளக் களி கிண்டிக்கொண்டிருந்த துடுப்போடு வாசலுக்கு வந்தார். "நர்சம்மா, இந்த மனுசன் என்னைப் பொண்ணு பாக்க வந்த கதையக் கேளுங்க. வாரதுக்கு இஷ்டமில்ல. அப்பன்கிட்ட அதச் சொல்லத் தைரியமில்ல. சைக்கிள் செயினக் கழட்டிப் பரண்மேல போட்டுட்டு, சைக்கிள்ல செயின் இல்லப்பான்னு நின்னிருக்குது. சரி நடடான்னு மாமன் ஏழு மைல் நடத்தியே கூட்டியாந்துட்டாரு. கால்ல கொப்புளத்தோட வந்து ஒக்காந்துச்சு. நாந்தான் மஞ்சப்பத்து அரைச்சுக் குடுத்தேன்."

"அதுக்கு இப்ப என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. இன்னும் செயின் மாட்டலைன்னு சொல்றேன்."

அவர் சொல்வது ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கும். உண்மையாக்கிவிட்டுத்தான் சொல்வார். இதற்கு என் நாட்குறிப்புகளில் பதினோரு சாட்சிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவர் கையில் தடியோடு வந்தார்கள். அவர்கள் தங்கை ஒரு பையனோடு கீழே இறங்கிப் போய்விட்டாள், பிடித்துவர வேண்டும். அவர்கள் பாதையில் வரும்போதே இவர் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, அச்சைக் கல்மேல் நிறுத்திவிட்டார்.

"பஞ்சருங்களா?" என்றான் மூத்தவன்.

"பஞ்சரெல்லாம் இல்லீங்க. கழட்டியிருக்குது."

"மாட்ட எத்தன நேரமாவும்?"

"அது ஆவுமுங்க" என்றார். சக்கரத்தின் மண்ணைக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தார். அவர்கள் அரைமணி நேரம் நின்றார்கள். மனைவி மோர் கொடுத்தார். மூன்றாவது டம்ளரைக் குடித்துவிட்டு, மதியப் பேருந்தும் போய்விட்டது என்று தெரிந்ததும், அவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்தப் பெண் இப்போது இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள். இரண்டுக்கும் நான்தான் தடுப்பூசி போட்டேன்.

நோயாளி என்றால் மட்டும் அந்தக் காரிலிருந்து ஒரு திருகாணிகூடக் கழன்றதில்லை. பிரசவ வலி என்று நான் பாதையைத் தாண்டி வரும்போதே அவர் சாவியோடு நிற்பார். மலையடிவாரத்துக் காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவு. அவர் ஓட்டி, ஒரு வளைவிலும் எந்தக் கர்ப்பிணியின் தலையும் கதவில் இடித்ததில்லை.

ஒருமுறை என்னையும் அப்படிக் கழற்றி வைத்துத் திருப்பி அனுப்பினார். அம்மாவைப் பார்க்க நாமக்கல் வரை கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டிருந்தேன். காலையில் பையோடு போனால், "ஃபேன் பெல்ட் இல்லீங்க" என்றார். பெல்ட் அவர் வீட்டு ஆணியில் தொங்கியது. எனக்குக் கோபம் வந்தது. நான்கு நாள் பேசவில்லை. மேல்தெருவில் ஒருத்திக்கு அன்று மதியமே பனிக்குடம் உடைந்தது. நான் அவளுக்குப் பத்து நாள் தள்ளித் தேதி குறித்திருந்தேன். அவள் நடையைப் பார்த்து அவர் அன்றைக்கே என்று நினைத்திருக்கிறார். அதைச் சொல்லியிருக்கலாம். நர்சிடம் நீ குறித்த தேதி தவறு என்று எப்படிச் சொல்வது? பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

2000-ல் அவர் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தது. சேலத்தில் அறுவை செய்து மருந்தும் ஏற்றினார்கள். ஒரு வருடம் நன்றாக இருந்தார். பிறகு முதுகெலும்புக்குப் பரவியது. மூன்றாவது முறை போனபோது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளை நான் படித்தேன். அதில் புரியாமல் இருக்க ஒன்றும் இல்லை.

ஒரே மகன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. இருபத்து நான்கு வயது. வாராவாரம் பழமும் ஹார்லிக்ஸுமாக வருவான். அவனுக்கு மட்டும் அந்தத் தாள் புரியவில்லை. கோயமுத்தூரில் பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று பட்டறையில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அந்த மூன்றாவது பயணத்தில் நானும் காரில் இருந்தேன். கார் முன்போல் இல்லை. கியர் மாற்றும்போதெல்லாம் இன்ஜின் ஒருபக்கம் சாய்ந்து மறுபடி இடித்து உட்கார்ந்தது. இடிக்கும்போது கார் முழுக்க ஓர் உதறல் வரும். அந்த உதறல் அவர் மனைவியின் முதுகில் இறங்கும். எழுபது வளைவுக்கும் அந்த அம்மாள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருமுறைகூட முனகவில்லை. அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை பானெட்டைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கன்றுக்குட்டிபோலத் துள்ளியது.

"மவுண்டிங் போச்சுங்க நர்சம்மா. இன்ஜினு இரும்புமேல ஒக்காராது, ரப்பர்மேலதான் ஒக்காரும். மலையில ஏறி ஏறி, எண்ணெயும் குடிச்சு, ரப்பர் செத்துப்போச்சு. இது அத்தனையும் அவ முதுகுலதான எறங்கியிருக்குது" என்றார்.

பட்டறைக்குக் கொண்டுபோக எழுபது வளைவையும் அந்த ரப்பரோடு இறங்கினால் இன்ஜின் தாங்காது என்று வீட்டிலேயே வைத்துச் செய்யத் தொடங்கினார். ஆயில் சேம்பருக்கு அடியில் பலகை வைத்து, பலகைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இன்ஜினை இரண்டு விரற்கடை தூக்கினார். முன்பக்கம் இரண்டு, கியர் பாக்ஸுக்குக் கீழே ஒன்று. நட்டுகள் துருவேறிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய் விட்டு, உட்கார்ந்து, காத்திருந்து கழற்றினார். வெளியே வந்த ரப்பர் கட்டிகள் இரும்புத் தகட்டிலிருந்து பிய்ந்து, ஊறிய பலாச்சுளைபோல் கொழகொழத்தன. சனிக்கிழமை எனக்கு நாமக்கல்லில் மாதாந்தரக் கூட்டம். ஒரு பழைய ரப்பரைத் தாளில் சுற்றிக் கொடுத்து, இதே மாதிரி ஒரு செட்டு வாங்கி வரச் சொன்னார். அதுவரை அந்த வேலையில் வேறு எண்ணம் எதுவும் இல்லை. இனி எங்கே போவதானாலும் அவளை உதறாமல் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டம் மூன்று மணிக்கு முடிந்தது. நான்கு மணிக்கு ரப்பர் வாங்கினேன். ஐந்து மணிப் பேருந்தில் ஏறி எட்டுக்குள் அவர் வாசலில் நின்றேன். அவர் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"உள்ள போய் அவளப் பாருங்க. உங்ககிட்டப் பேசோணுமாம்" என்றார்.

அந்த அம்மாள் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"பையன் நாளைக்கு வாரானாம். கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு போன் பண்ணியிருக்கான்" என்றார். மூச்சு வாங்கியது. "நான் இனிக் கீழ எறங்கமாட்டேன் கண்ணு. அந்த ஊசியும் வேண்டாம், அந்த ரோடும் வேண்டாம். இங்கயே கெடக்கறேன்."

"பையன்கிட்ட நீங்களே சொல்லுங்களேன்."

"போன தடவ சொன்னேன். காலப் புடிச்சுட்டு அழுதான். மறுபடி அழுதான்னா நான் சரீன்னுருவேன். எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "அவங்கப்பன் என்னத்தச் சொல்லும்? அது வாயில அந்த வார்த்த வராது. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னையத் தூக்கி வண்டியில போட்டுருவாங்க."

நான் வெளியே வந்தேன். அவர் அதே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஜாக்கியின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. பொட்டலத்தை நீட்டினால் அவர் வாங்கிக்கொள்வார். வாங்கினால் ரப்பர் அவரிடம் இருக்கும். இருந்தால் மகன் கேட்கும்போது இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. பட்டறைக்காரப் பையன், அரை நாளில் மாட்டிவிடுவான்.

அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. பொட்டலத்தோடு நாற்பது எட்டும் நடந்து வந்து, மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வைக்கச் சொல்லி அவர் ஒரு சொல், ஒரு சாடை காட்டவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல வேண்டும். அதை நானேதான் செய்தேன்.

ஞாயிறு காலை எட்டரைப் பேருந்தில் மகன் வந்தான். காரைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு அடியில் படுத்தான். நான் வாசலில் சீருடை துவைத்துக்கொண்டிருந்தேன். பேசுவது கேட்டது.

"மூணும் கழட்டிட்டியாப்பா? புது ரப்பர் எங்க, குடு, நான் மாட்டறேன்."

"ரப்பர் இல்லே கண்ணு."

"டயரு வெட்டி வெச்சு மாட்டட்டுமா? காரவள்ளி வரைக்கும் தாங்குமில்ல?"

"தாங்காது கண்ணு. பாதி வளைவுல இன்ஜின் எறங்கிரும். அம்மா உள்ள இருப்பா."

அதுவும் உண்மை. அவன் எழுந்து என்னிடம் வந்தான். கை முழுக்கக் கரி.

"நர்சம்மா, அப்பா உங்ககிட்டச் சாம்பிள் குடுத்தாராமே?"

"அப்பாகிட்ட நான் இன்னும் குடுக்கலை தம்பி" என்றேன்.

"கடைக்குப் போக நேரமில்லாமப் போச்சுங்களா? மீட்டிங் இழுத்துட்டாங்களா?"

"மீட்டிங் முடியவே மூணு மணி ஆயிருச்சு."

இரண்டும் உண்மை. அவர் இத்தனை வருடம் செய்ததையே செய்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாளுக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கொரு போன் பண்ணியிருந்தா நானே வாங்கிட்டு வந்திருப்பேன். ஒரு நாளு வீணாப்போச்சு" என்று அவன் நொந்துகொண்டான். பிறகு முகம் தெளிந்தது. "சரி, ரப்பர் எதுக்கு? வேனே கொண்டாந்தர்றேன். பின்னாடி மெத்தையப் போட்டு அம்மாவப் படுக்கவெச்சே கூட்டிட்டுப் போயரலாம். இருட்டுல மலையேற ஒருத்தனும் வரமாட்டான். காலைல வந்தர்றேன்."

மதியம் இரண்டு மணிப் பேருந்துக்குக் கிளம்பினான். அம்மாவிடம் போய்ச் சொன்னான். அந்த அம்மாள் மாத்திரை மயக்கத்தில் இருந்தார். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். அன்று அந்த அம்மாளின் நாடியும் மூச்சும் என்ன என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வாரமோ பத்து நாளோ இருப்பார் என்று கணக்கிட்டேன். அந்தப் பிரசவத் தேதியைப் போலவே இதையும் தவறாகத்தான் குறித்தேன்.

திங்கள் விடிந்ததும் அவர் வந்து கதவைத் தட்டினார். போனபோது அந்த அம்மாளுக்கு மூச்சு தொண்டையில் இருந்தது. நினைவு தெளிவாக இருந்தது. கண்ணால் அறையைத் தேடினார்.

"பையன் எங்க? நேத்து வந்தானே."

"வண்டி கொண்டாரப் போயிருக்கான்" என்றார் அவர்.

"எதுக்கு?"

அவர் போர்வையை இழுத்துக் காலை மூடினார். அந்த அம்மாள் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நாற்பதுக்கு மூச்சு நின்றது.

வேன் ஒன்பதே காலுக்கு வந்தது. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, புது இலவம்பஞ்சு மெத்தை விரித்து, சுற்றிலும் தலையணை அடுக்கிக்கொண்டு வந்திருந்தான். வாசலில் நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்தும் அவன் இறங்கவில்லை. ஓட்டுநர்தான் முதலில் இறங்கினார்.

அன்று சாயங்காலமே மேட்டுக் காட்டில் அடக்கம் செய்தார்கள். மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்தார்கள். உறவினர்கள் போனபிறகு, மகன் காருக்கு முன்னால் நின்று தொங்கும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மரத்தடியில் குந்தியிருந்தார். அந்தப் பொட்டலத்தை என்னால் இன்னொரு நாள் அலமாரியில் வைத்திருக்க முடியவில்லை. கொண்டுபோய் மகனிடம் கொடுத்தேன்.

அவன் பிரித்தான். ரப்பர்களுக்கு நடுவில் கடைச் சீட்டு இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, நான் எதையும் மறப்பவள் இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று தெரியவில்லை.

"சனிக்கெழம தேதி போட்டிருக்குது" என்றான்.

நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம உங்ககிட்டத்தான இருந்திருக்குது நர்சம்மா? நான் வந்து கேட்டனே."

மரத்தடியில் அவர் எழுந்து நின்றார். மகனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நாந்தான் குடுக்க வேண்டாம்னு சொன்னேன்" என்றார். "அவங்க மேல தப்பில்ல கண்ணு. நாந்தான் சொன்னேன். உங்கம்மாவுக்குப் போவ இஷ்டமில்ல."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவரை எனக்குத் தெரிந்த நாளிலிருந்து, முதலில் உண்மையாக்கிக்கொள்ளாமல் அவர் சொன்னது அது ஒன்றுதான். இல்லை தம்பி, அவர் சொல்லவில்லை, நானாகத்தான் வைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை. அந்த ஊரில் இன்னும் எத்தனையோ வீட்டுக்குள் நான் போக வேண்டியிருந்தது. எல்லாரும் நர்சம்மா சொன்னால் சரி என்று நம்பினார்கள். அதெல்லாம் அப்போது மனதில் ஓடியதா, அல்லது வெறும் பயமா என்று அன்றைய குறிப்பில்கூட எழுதவில்லை.

மகன் கத்தவில்லை. "வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அழுதிருப்பேன். சண்ட போட்டிருப்பேன். ஆனா இங்கயே இருந்திருப்பேன்ப்பா" என்றான். "வேனுக்கு அலைஞ்சுட்டிருந்த நேரத்துல அம்மாகிட்ட ஒக்காந்திருப்பேன்ல?"

அவர் மறுபடி தரையைப் பார்த்தார்.

பிறகு அவன் சட்டையைக் கழற்றிப் பலாக்கிளையில் போட்டான். காருக்கு அடியில் படுத்தான். மூன்று ரப்பரையும் இடத்தில் வைத்து, நட்டுகளைக் கையாலேயே பாதி முறுக்கினான். ஜாக்கியை மெதுவாக இறக்கி இன்ஜின் தன் எடையில் தானே உட்காரும்வரை பொறுத்திருந்தான். அதன் பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினான். அவன் கை நீளும்போதெல்லாம் அவர் சரியான ஸ்பேனரை வைத்தார். எந்த அளவு என்று அவன் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஒன்றரை மணி நேரம். கிளப்பிப் பார்த்தான். பானெட் திறந்திருந்தது. இன்ஜின் ஓடியது, அசையவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தான். அப்போதும் அசையவில்லை. அணைத்தான்.

"வண்டியிலயே கொண்டுபோயி வுட்டர்றேன் கண்ணு" என்றார் அவர்.

"வேண்டாம். பஸ்ஸுல போய்க்கறேன்."

கை கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தான், சித்தப்பா வீட்டில் தங்கினான், போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

அவர் காரில் பிறகு எதையும் கழற்றி நான் பார்க்கவில்லை. யார் கேட்டாலும் போனார். கல்யாணத்துக்குப் போனார், சாராயம் குடிக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போனார். வெள்ளை வேட்டிக்காரர் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார். ஒருமுறை பிரசவத்துக்கு நான் ஓடிப்போனபோது கார் வேறு யாருக்கோ கீழே போயிருந்தது. அந்தப் பெண்ணை ஜீப்பில் ஏற்றி அனுப்பினோம். நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவர் திரும்பி வந்து கேள்விப்பட்டு, என் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்.

எனக்கு மாறுதல் உத்தரவு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, நாமக்கல் பேருந்து நிலையத்தில் அந்தப் பையனைப் பார்த்தேன். அவன்தான் முதலில் பார்த்து வந்தான். என் கையிலிருந்த மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"நல்லா இருக்கீங்களா நர்சம்மா?"

"இருக்கேன் தம்பி. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரப்பர்…"

"அட, அத வுடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? அவரு வேண்டாம்னா நீங்க மீறிக் குடுக்க முடியுமா?" என்றான். பரிவோடுதான் சொன்னான். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்தான். கொல்லிமலைப் பேருந்து வந்தது. முண்டியடித்து ஏறி எனக்கு இடம் பிடித்து, பெட்டியை மடியில் வைத்துவிட்டு இறங்கினான். ஜன்னலுக்கு வெளியே நின்றான். சொல்வதற்கு அரை நிமிடம் இருந்தது. நான் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நகரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். "அவரு நேரத்துக்குச் சாப்பிடறாரான்னு மட்டும் பாத்துக்குங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம்" என்றான்.

மலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது வெளிச்சம் இருந்தது. அவர் பலாமரத்தடியில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். நான் நேராக என் வீட்டுக்குப் போகாமல் பாதையைத் தாண்டினேன்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

ஆறு வருடத்தில் அவரிடம் நான் அப்படிக் கேட்டதில்லை. மாத்திரை போட்டீர்களா என்று கேட்டிருக்கிறேன், புகையிலையை விட்டீர்களா என்று கேட்டிருக்கிறேன். அவர் கை நின்றது. மிளகுக் கொத்தைக் கீழே வைத்தார். என் காலைப் பார்த்தார்.

"அவன் நல்லாருக்கானுங்களா?" என்றார்.